மிர்லினைச் சோதிக்க வருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் லீப் 16 பதிப்புக்கு மாறியவர்கள் முதலில் கேட்பது, “யாஸ்ட் எங்கே போச்சு?” என்பது. யாஸ்ட், கணினி அமைப்புகளை மாற்ற அதில் இருந்த பழைய கருவி. அடுத்துக் கேட்பது, “அதுக்குப் பதிலா வந்திருக்கிற மிர்லினை நம்பலாமா?” என்பது. சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொன்னால், சிலர் உண்மையாகவே சோதிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்டவைதான் கீழே இருப்பவை.

மிர்லின் என்றால் என்ன?

ஓப்பன்சூசேயில் பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள் பொதிகளை, தேட, நிறுவ, நீக்க, புதுப்பிக்க உதவும் வரைகலைச் செயலி. யாஸ்டுக்குள் இருந்த மென்பொருள் மேலாண்மைத் திரையில் பழகியவருக்கு இது வீடு மாறிப் போன பக்கத்துவீட்டுக்காரர் மாதிரி. முகம் அதேதான், முகவரி மட்டும் வேறு.

சூசே நிறுவனத்தில் ‘ஹேக் வீக்’ என்று ஒரு வாரம் ஒதுக்குவார்கள். ஊழியர்கள் அன்றாட வேலையை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததைச் செய்யலாம். 2024 நவம்பரில் நடந்த ஹேக் வீக்கில் இது தொடங்கியது. அப்போது வேறு பெயர், மிர்லின் என்பது பிறகு வைத்தது. 2025 அக்டோபர் 1 அன்று வெளிவந்த லீப் 16 யாஸ்ட் இல்லாமலே வந்தது. இயங்குதளத்தை நிறுவ அகாமா, கணினி நிர்வாகத்துக்கு காக்பிட், பேக்கேஜ்களுக்கு மிர்லின் என்று வேலை பிரிந்துவிட்டது. தொடர்ந்து புதுப்பிக்கப்படும் டம்பிள்வீட் என்ற இன்னொரு ஓப்பன்சூசே வெளியீட்டிலும் மிர்லின் கிடைக்கும்.

உள்ளே என்னதான் மாறியிருக்கிறது?

பழைய திரை யாஸ்டின் மேல் நின்றது. அதற்கு ரூபி வேண்டும், லிப்யூஐ என்ற இடைத்தட்டு வேண்டும், இன்னும் பலவும் வேண்டும். மிர்லின் அவை எதுவும் இல்லாமல் சி++ மொழியிலும் க்யூட்டி நூலகத்திலும் எழுதப்பட்ட தனிச் செயலி. அது பேக்கேஜ்களைக் கையாளும் லிப்ஸிப் நூலகத்தோடு நேரடியாகப் பேசுகிறது. கட்டளைவரியில் நாம் பயன்படுத்தும் ஸிப்பரும் அதே லிப்ஸிப்போடுதான் பேசுகிறது. ஒரு பேக்கேஜ் ஓட வேறு எவை வேண்டும் என்ற சார்புகளைக் கணக்குப் போட்டுத் தீர்ப்பது இரண்டுக்கும் அடியில் இருக்கும் லிப்சால்வ்.

சோதிப்பவருக்கு இது முக்கியம். கணக்குப் போடும் மூளை பழையது, ஆண்டுக்கணக்கில் அடிபட்டுத் தேறியது. புதிதாக இருப்பவை மூளைக்கும் திரைக்கும் இடையிலான ஒட்டுகள். திரையில் காட்டும் எண்ணும் உண்மையும் ஒத்துப்போகிறதா, ரத்து செய்தால் நிஜமாகவே ரத்தாகிறதா, பிழை வந்தால் அது பயனருக்கு வந்து சேர்கிறதா அல்லது வழியிலேயே தொலைந்துவிடுகிறதா என்று பாருங்கள். வழு இருந்தால் பெரும்பாலும் இந்த ஒட்டுகளில்தான் இருக்கும்.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

வேண்டாம். செய்ததைச் செய்த வரிசையில் நினைவில் வைத்து எழுதும் பொறுமை போதும். அது நிரல் எழுதுவதைவிட அரிது.

என் சொந்த மடிக்கணினியிலேயே சோதிக்கலாமா?

நாளைக்குக் காலை அந்த மடிக்கணினியில் வேலை இருக்கிறதென்றால் வேண்டாம். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 4 ஜிபி நினைவகமும் 40 ஜிபி வட்டும் கொடுத்தால் தாராளம். வட்டில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஓப்பன்சூசே வழக்கமாக, இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வுக்கு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு பேக்கேஜ் மாற்றத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்னாப்பர் என்ற கருவி இரண்டு ஸ்னாப்ஷாட், அதாவது கணினியின் அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்து வைக்கும். சின்ன வட்டில் நாள் முழுவதும் சோதித்தால் இடம் நிரம்பி, நீங்கள் தேடாத வழு ஒன்று கிடைக்கும்.

இந்த ஸ்னாப்ஷாட்தான் சோதிப்பவரின் கயிறு. எதையாவது உடைத்துவிட்டால், தொடக்கப் பட்டியலில் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் அங்கிருந்தே பின்னோக்கித் திரும்பலாம். ஒன்று மட்டும் கவனம். வழக்கமான அமைப்பில் ஹோம் அடைவும் வார் அடைவும் இந்த ஸ்னாப்ஷாட்டுக்கு வெளியே இருப்பவை. கணினி நேற்றைய நிலைக்குப் போகும், உங்கள் கோப்புகள் இன்றைய நிலையிலேயே இருக்கும். நல்லதுதான். ஆனால் ‘எல்லாம் பழையபடி’ என்று நம்பிச் சோதனையைத் தொடர்ந்தால் குழப்பம் வரும்.

மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் ஸ்னாப்ஷாட்டும், மெய்நிகர் கணினி மென்பொருளே எடுத்துத் தரும் ஸ்னாப்ஷாட்டும் வேறுவேறு. சோதனை தொடங்கும் முன் இரண்டாவதை ஒன்று எடுத்து, ‘சுத்தம்’ என்று பெயர் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்து கிளம்பினால்தான் ஒரு வழுவை இரண்டாம் முறையும் வரவழைக்க முடியும்.

ரூட் கடவுச்சொல் கொடுக்காமல் திறந்தால் என்ன ஆகும்?

ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு. அது இல்லாமல், படிக்க மட்டும் திறக்கும். யாஸ்ட் காலத்தில் ஒரு பேக்கேஜின் விவரத்தைப் பார்ப்பதற்குக்கூட ரூட் ஆக வேண்டியிருந்தது. மிர்லினில் சாதாரணப் பயனராகவே உலாவலாம், தேடலாம், எந்தக் கோப்பு எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று பார்க்கலாம். என்னைக் கேட்டால் இந்த மாற்றத்துக்காகவே புதிய செயலி எழுதியிருக்கலாம்.

இங்கே சோதிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, படிக்க மட்டும் என்பது திரையில் தெளிவாகத் தெரிகிறதா? பயனர் பத்து பேக்கேஜைக் குறித்து வைத்துவிட்டு, கடைசியில் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று கேட்டால் கோபம் வருவது நியாயம். இரண்டு, பட்டியல் எவ்வளவு பழையது? ரெப்போ (பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் கிடங்கு) விவரங்களைப் புதுப்பிக்க சாதாரணப் பயனருக்கு உரிமை கிடையாது. அதனால் ரூட் கடைசியாக எப்போது புதுப்பித்தாரோ அன்றைய பதிப்புகள்தான் தெரியும். ஒரு வாரம் தொடாத கணினியில் படிக்க மட்டும் திறந்து ஒரு பேக்கேஜின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரூட்டாகத் திறந்து பாருங்கள். வேறுபாடு இருப்பது வழு அல்ல. வேறுபாடு இருக்கக்கூடும் என்று பயனருக்குத் தெரியாமல் போவதுதான் யோசிக்க வேண்டியது.

எதை முதலில் சோதிப்பது?

எல்லாரும் ஜிம்ப் படத்திருத்தியை நிறுவிப் பார்க்கிறார்கள். நிறுவப்படும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. செயலி எப்போது தயங்க வேண்டுமோ அங்கே போய் நில்லுங்கள்.

நான் முதலில் செய்வதைச் சொல்கிறேன். தேடலில் போஸ்ட்ஃபிக்ஸைப் பிடித்து நிறுவ என்று குறிப்பேன். பிறகு எக்சிம்மையும் தேடி நிறுவ என்று குறிப்பேன். இரண்டும் அஞ்சல் சேவையகங்கள். ஒரே கணினியில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று பேக்கேஜிலேயே எழுதியிருக்கும். ஒரு உறையில் இரண்டு வாள் கேட்டால் லிப்சால்வ் மறுக்க வேண்டும், முரண்பாட்டுச் சாளரம் எழ வேண்டும். அந்தச் சாளரத்தை அவசரமாக மூடாமல், தேநீர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

எது எதோடு மோதுகிறது என்று பெயர் சொல்கிறதா? தீர்வுகளாக என்னென்ன தருகிறது? ‘இதை நிறுவாதே’, ‘அதை நிறுவாதே’ என்பவை இருந்தாக வேண்டும். சில சமயம் ‘சார்பைப் புறக்கணித்து உடைத்துவிடு’ என்ற வகைத் தீர்வும் பட்டியலில் வரும். அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, முன்கூட்டியே தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்தான தீர்வு கைதவறித் தொட்டாலே தேர்வாகிவிடும் நிலையில் இருந்தால், தொழில்நுட்பப்படி சரியாக இருந்தாலும் நான் அறிக்கை எழுதுவேன்.

பிறகு ஒரு தீர்வைத் தேர்ந்தெடுத்து மீண்டும் முயலச் சொல்லுங்கள். பட்டியலுக்குத் திரும்பி வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம் இரண்டின் பக்கத்திலும் இருக்கும் நிலைக்குறிகளைப் பாருங்கள். கைவிட்டதற்கு இன்னும் நிறுவும் குறி இருந்தால், திரை ஒன்று சொல்கிறது, மூளை வேறொன்று நினைக்கிறது. நான் மேலே சொன்ன ஒட்டு இதுதான்.

அந்த நிலைக்குறிகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

சோதிப்பதானால், ஆம். நிறுவியது, நிறுவப்போவது, புதுப்பிக்கப்போவது, நீக்கப்போவது ஆகிய நான்கும் எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியவை மற்றவை. நீங்கள் கேட்காமல், சார்புக்காகத் தானாகச் சேர்க்கப்படுவதற்குத் தனிக்குறி. தானாகப் புதுப்பிக்கப்படுவதற்கும் தானாக நீக்கப்படுவதற்கும் அதேபோல். ‘பாதுகாக்கப்பட்டது’ என்றால் நிறுவியபடியே இருக்கட்டும், தொடாதே என்று அர்த்தம். ‘டபூ’ என்றால் எந்த நிலையிலும் உள்ளே விடாதே என்று அர்த்தம்.

டபூவைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. மிர்லினில் ஒரு பேக்கேஜுக்கு டபூ வைத்து, மாற்றங்களை ஏற்று வெளியே வாருங்கள். இப்போது முனையத்தில் ஸிப்பரிடம் பூட்டுகளின் பட்டியலைக் கேளுங்கள். அங்கேயும் அது தெரிய வேண்டும். இரண்டும் ஒரே பூட்டுக் கோப்பைத்தான் படிக்கின்றன. பிறகு ஸிப்பரில் பூட்டை நீக்கிவிட்டு மிர்லினைத் திறங்கள், குறி போயிருக்க வேண்டும். இப்படி ஒரு கருவியில் கட்டிய முடிச்சை இன்னொன்றில் அவிழ்ப்பது, ஒரே கருவிக்குள் நூறு முறை சுற்றுவதைவிடப் பயன் தரும்.

‘ஏற்றுக்கொள்’ அழுத்துவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

இது நான் அதிகம் வலியுறுத்தும் இடம். நீங்கள் கேட்டது ஒன்று, நடக்கப்போவது பன்னிரண்டு என்று இருக்கலாம். சார்புகளுக்காகக் கூடுதலாக என்னென்ன மாறப்போகிறது என்று செயலி ஒரு பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். மாற்றம் முடிந்ததும் லிப்ஸிப்பின் வரலாற்றுக் கோப்பைத் திறங்கள். வார் அடைவில் லாக், அதற்குள் ஸிப், அதற்குள் ஹிஸ்டரி. எந்த நொடியில் எந்த பேக்கேஜ் ஏறியது, எது இறங்கியது என்று வரி வரியாக அதில் இருக்கும். வாக்குக் கொடுத்த பட்டியலையும் இதையும் ஒப்பிடுங்கள்.

ஒத்துப்போனால் நிம்மதி. ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தாலும் விடாதீர்கள். பார்வைக்கு அழகாக இல்லாத பொத்தானைப் பற்றி யாரும் எழுதுவார்கள். கேட்காத பேக்கேஜ் ஒன்று சத்தமில்லாமல் உள்ளே வந்ததைக் கண்டுபிடிப்பவர் குறைவு.

சோதிப்பதற்கு இவ்வளவு அலட்டல் தேவையா?

2006-இல் சூசே லினக்ஸ் 10.1 வந்தபோது இருந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். யாஸ்டின் பேக்கேஜ் பகுதியையும், ஸிமியன் நிறுவனத்தின் ரெட் கார்பெட் என்ற புதுப்பிப்புக் கருவி வழி வந்ததையும் இணைத்துப் புதிய அடுக்கு ஒன்றை அந்த வெளியீட்டிலேயே கொண்டுவந்தார்கள். லிப்ஸிப் பிறந்தது அப்போதுதான். மே மாதம் வெளியானது. புதுப்பிப்புகள் நத்தையாய் நகர்ந்தன, சில நேரம் நகரவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் திருத்தங்களைச் சேர்த்து ‘ரீமாஸ்டர்டு’ என்று அதையே மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று.

மற்ற செயலியில் வழு இருந்தால் புதுப்பித்துச் சரிசெய்யலாம். புதுப்பிக்கும் செயலியிலேயே வழு இருந்தால் திருத்தம் எந்த வழியாக வந்து சேரும்? 10.1-இல் மாட்டிக்கொண்டவர்களின் நிலை அதுதான்.

2008 ஜூனில் வந்த ஓப்பன்சூசே 11.0-இல் சார்புத் தீர்வு முற்றிலும் மாறியது. ‘இது வேண்டுமென்றால் அது வேண்டும்’, ‘இதுவும் அதுவும் சேரக்கூடாது’ என்பவற்றையெல்லாம் உண்மை–பொய் வாக்கியங்களாக மாற்றி, தர்க்கக் கணக்காகத் தீர்க்கும் முறை வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய லிப்சால்வ். ஃபெடோராவின் டிஎன்எஃப்கூட அதைத்தான் பயன்படுத்துகிறது.

‘வேறொரு செயலி பூட்டி வைத்திருக்கிறது’ என்று வருகிறதே?

லிப்ஸிப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதும் உரிமையோடு பிடித்திருக்கலாம். பெரும்பாலும் குற்றவாளி பேக்கேஜ்கிட். மேசைச்சூழல் பின்னணியில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதை எழுப்பிவிடும். இரண்டு நிமிடம் பொறுத்தால் போய்விடும்.

சோதிப்பவர் இதை வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். ஒரு முனையத்தில் ஸிப்பரை ‘ஆம் / இல்லை’ கேள்வியில் நிறுத்தி வைத்துவிட்டு, மிர்லினை ரூட்டாகத் திறங்கள். யார் பிடித்திருக்கிறார் என்று சொல்கிறதா? மறுபடி முயல வழி இருக்கிறதா? அல்லது சாளரமே எழாமல் அமைதியாகச் செத்துவிடுகிறதா? மூன்றாவது நடந்தால் உடனே எழுதுங்கள்.

வெளி ரெப்போக்களைச் சேர்த்துச் சோதிக்கலாமா?

சோதிக்கத்தான் வேண்டும், உலகம் அப்படித்தான் பயன்படுத்துகிறது. காப்புரிமைச் சிக்கல் உள்ள ஒலி, ஒளிக் கோடெக்குகளுக்காகப் பலரும் பேக்மேன் ரெப்போவைச் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது அந்த ரெப்போவின் கையொப்பச் சாவியை நம்பலாமா என்று கேட்கும். சாவியின் விரல்ரேகை முழுதாகத் தெரிகிறதா, வேண்டாம் என்று சொன்னால் ரெப்போ அரைகுறையாகத் தங்கிவிடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது ‘வெண்டர்’, அதாவது பேக்கேஜைக் கட்டித் தந்தவர் யார் என்ற விவகாரம். ஒரு பேக்கேஜ் ஓப்பன்சூசேயின் ரெப்போவிலிருந்து நிறுவப்பட்டிருந்தால், பேக்மேனில் அதைவிடப் புதிய பதிப்பு இருந்தாலும் லிப்ஸிப் தானாகத் தாவாது. மாப்பிள்ளை வீடு மாறுவதற்குப் பெண் வீட்டார் சம்மதம் கேட்பது மாதிரி, நீங்கள் சொன்னால்தான் மாறும். பலர் இதை வழு என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டுமென்றே வைத்த காவல் இது.

சோதிக்க வேண்டியது, நீங்கள் சொல்லி மாற்றும்போது நடப்பது. விஎல்சியைத் தேர்ந்தெடுத்து, கீழே பதிப்புகள் தாவலில் பேக்மேனின் பதிப்பைத் தொடுங்கள். விஎல்சி மட்டும் மாறி அதன் நூலகங்கள் பழைய வீட்டிலேயே நின்றால் கோடெக் வேலை செய்யாது. கூட வர வேண்டியவை வருகின்றனவா? வரவில்லை என்றால் முரண்பாடு என்றாவது சொல்கிறதா? பிறகு அந்த ரெப்போவை நீக்கிவிட்டு மறுபடி திறங்கள். அதிலிருந்து வந்த பேக்கேஜ்கள் இப்போது எந்த ரெப்போவுக்கும் சொந்தமில்லாத அநாதைகள். அநாதைகளுக்கென்று உள்ள பிரிவில் அவை வந்து சேர வேண்டும்.

டம்பிள்வீட்டை இதிலேயே முழுதாக மேம்படுத்தலாமா?

டம்பிள்வீட் தொடர்ந்து ஓடும் வெளியீடு. அதற்குச் சாதாரணப் புதுப்பிப்பு போதாது, முழு வெளியீட்டு மேம்படுத்தல் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான பேக்கேஜ் மாறும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மேசைச்சூழலும் காலடியில் மாறும். நான் அதை முனையத்தில் ஸிப்பரில்தான் செய்கிறேன். வரைகலைச் செயலியைத் தனித்தனிப் பேக்கேஜுகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

நிறுவும் நடுவில் மின்சாரம் போனால்?

அருமையான கேள்வி, மெய்நிகர் கணினியில் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். லிப்ரெஆபிஸ் மாதிரி கனமான ஒன்றை நிறுவக் கொடுங்கள். செய்ய வேண்டியவை ஒரு பட்டியலில் இருந்து, நடப்பவை வழியாக, முடிந்தவை பட்டியலுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். பாதி நகர்ந்ததும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல், பிளக்கைப் பிடுங்குவது போல அணைத்துவிடுங்கள்.

மறுபடி தொடங்கியதும் மூன்றைப் பாருங்கள். நிறுவிய பேக்கேஜ்களின் பதிவேடான ஆர்பிஎம் தரவுத்தளம் திறக்கிறதா? பழைய பூட்டு ஒன்று செத்தபின்னும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறதா? ஸ்னாப்பர் பட்டியலில் ‘முன்’ ஸ்னாப்ஷாட் மட்டும் இருந்து ‘பின்’ இல்லாமல் இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது இயல்பு, பயப்பட வேண்டாம். உண்மையில் அதுதான் நீங்கள் திரும்பிப்போக வேண்டிய இடம்.

இதே மாதிரி வலையிணைப்பைப் பாதிப் பதிவிறக்கத்தில் துண்டித்துப் பாருங்கள். வட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டு நிறுவிப் பாருங்கள். இடம் போதாது என்பதைத் தொடங்கும் முன்பே சொல்வது ஒரு தரம், பாதியில் சொல்வது இன்னொரு தரம்.

தமிழ் இடைமுகத்தில் சோதிப்பதால் பயன் உண்டா?

உண்டு. அதை ஜெர்மன்காரர் செய்ய மாட்டார். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேதி, உரையாடல் பெட்டிகளின் பொதுப் பொத்தான்கள் என்று தமிழ் எங்காவது தலைகாட்டும்.

பார்க்க வேண்டியது நீளமும் உயரமும். ஆங்கிலத்தில் சின்னதாய் முடியும் சொல் தமிழில் ‘தேர்ந்தெடுத்தவற்றை’ என்று நீளும். பொத்தான் விரிகிறதா, அல்லது ‘தேர்ந்தெடு…’ என்று கழுத்தறுபட்டு நிற்கிறதா? ‘கூ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றின் மேல்வளைவோ கீழ்வளைவோ வரிசையின் உயரத்தில் வெட்டுப்படுகிறதா? பட்டியல் வரிசைகளை இறுக்கமாக அடுக்கும் செயலிகளில் இது அடிக்கடி நடக்கும்.

தேடல் பெட்டியில் தமிழ் விசைப்பலகையோடு ‘படம்’ என்று தட்டுங்கள். ஒன்றும் கிடைக்காமல் போகலாம், பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் லத்தீன் எழுத்துதான். ஆனால் தட்டும்போதே எழுத்து உடையாமல் சேர்கிறதா என்று பாருங்கள். ‘ப’ தட்டி, ‘ட’ தட்டி, ‘ம’ தட்டி, மெய்ப்புள்ளி வைப்பதற்குள் பெட்டி தானாகத் தேடக் கிளம்பிவிட்டால் தமிழில் தட்டவே முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது கனவிலும் தோன்றாது.

சுட்டி இல்லாமல், சிறிய திரையில்?

செய்யுங்கள். தாவல் விசையாலேயே தேடி, குறித்து, ஏற்க முடிய வேண்டும். 1366க்கு 768 திரையில் கீழ்ப் பொத்தான்கள் பணிப்பட்டைக்குள் ஒளிந்துகொள்கின்றனவா என்று பாருங்கள். இருண்ட தீமில் ஒருமுறை.

வழு அறிக்கை எப்படி எழுதுவது?

எப்படி எழுதக்கூடாது என்பதற்கு ஒன்று: “மிர்லின் சரியாக வேலை செய்யவில்லை. எக்சிம் நிறுவினால் குழம்புகிறது. உடனே சரிசெய்யவும்.”

இதைப் படிக்கும் நிரலாளர் என்ன செய்வார்? எந்தப் பதிப்பு, எந்தக் குழப்பம் என்று திருப்பிக் கேட்பார். நீங்கள் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பீர்கள். அதற்குள் டம்பிள்வீட் பலமுறை மாறியிருக்கும்.

அதே வழுவை இப்படி எழுதலாம்: “டம்பிள்வீட், இன்ன தேதியிட்ட வெளியீடு. மிர்லின் பதிப்பு எண் இது. புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினி, கூடுதல் ரெப்போ எதுவும் இல்லை. 1. ரூட்டாகத் திறந்தேன். 2. போஸ்ட்ஃபிக்ஸை நிறுவக் குறித்தேன். 3. எக்சிம்மை நிறுவக் குறித்தேன். முரண்பாட்டுச் சாளரம் வந்தது. 4. ‘எக்சிம்மை நிறுவாதே’ என்பதைத் தேர்ந்து மறுபடி முயலச் சொன்னேன். எதிர்பார்த்தது: எக்சிம்மின் குறி நீங்கும். நடந்தது: எக்சிம்மில் நிறுவும் குறி அப்படியே இருக்கிறது. ஆனால் மாற்றங்களின் பட்டியலில் எக்சிம் இல்லை. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்திலும் வந்தது.” இது நான் எடுத்துக்காட்டுக்குக் கற்பனை செய்த வழு. மிர்லினில் இது இருப்பதாக எண்ண வேண்டாம்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இலக்கணம் பிசகினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். வரிசை பிசகினால்தான் தொல்லை. ஒரு அறிக்கையில் ஒரு வழு மட்டும். சார்புத் தீர்வே தவறு என்று சந்தேகித்தால், தீர்வியின், அதாவது லிப்சால்வின், சோதனைத் தொகுப்பைச் சேமித்து இணையுங்கள். ஸிப்பரில் அதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது. உங்கள் கணினியில் அப்போது இருந்த பேக்கேஜ் நிலவரம் முழுவதும் அதில் அடங்கும், நிரலாளர் தன் மேசையிலேயே அதே முரண்பாட்டை வரவழைக்கலாம். அனுப்பும் முன் ஒருமுறை ஸிப்பரிலும் அதையே செய்து பாருங்கள். அங்கேயும் அதே பதில் வந்தால் வழு மிர்லினில் இல்லை, கீழே லிப்ஸிப்பிலோ பேக்கேஜிலோ இருக்கிறது. அப்போது அறிக்கை போக வேண்டியது ஓப்பன்சூசேயின் பக்சில்லாவுக்கு. மிர்லினுடையது என்றால் அதன் மூலநிரல் இருக்கும் கிட்ஹப்புக்கு.

ஓப்பன்கியூஏ இருக்கும்போது மனிதர் எதற்கு?

ஓப்பன்கியூஏ, ஓப்பன்சூசேயின் தானியங்கிச் சோதனைக்கூடம். மெய்நிகர் கணினியைத் தானே தொடங்கி, தானே தட்டி, தானே சொடுக்கி, திரையில் வருவதை முன்பே சேமித்த படத்துண்டுகளோடு ஒப்பிடும். அந்தத் துண்டுகளை ‘ஊசிகள்’ என்பார்கள். டம்பிள்வீட்டின் ஒவ்வொரு புது வெளியீடும் (அதையும் ஸ்னாப்ஷாட் என்றே சொல்வார்கள்) அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம்.

ஆனால் அது, சொல்லிக்கொடுத்த பாதையில் மட்டும் நடக்கும். போஸ்ட்ஃபிக்ஸைக் குறித்துவிட்டு, மனம் மாறி, தேடலை அழித்து, வேறு தாவலுக்குப் போய், திரும்பி வந்து, அரை மனதோடு எக்சிம்மைத் தொடும் ஆள் மனிதர்தான்.

என் அறிக்கையை ‘வழு அல்ல’ என்று மூடிவிட்டார்களே?

எனக்கும் நடந்திருக்கிறது. ஒருமுறை சின்ன எடிட்டர் ஒன்றைத்தான் கேட்டேன், கூடவே ஒரு படையே வந்து இறங்கியது. கோபத்தோடு நீளமாக எழுதி அனுப்பினேன். மறுநாள் இரண்டு வரிப் பதில் வந்தது. அவை சார்புகள் அல்ல, பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்கள். அவற்றை நிறுவு என்ற விருப்பம் மெனுவில் என்னிடம் இயங்கிய நிலையில் இருந்தது, அறிக்கையை மூடியாகிவிட்டது. முகம் சிவந்ததுதான். ஆனால் அந்த விருப்பம் இயங்கும்போது, ‘கட்டாயம் வேண்டியது’ எது, ‘இருந்தால் நல்லது’ எது என்று மாற்றங்களின் பட்டியலில் பிரித்துக் காட்டினால் என்ன என்று, இந்த முறை குரலைத் தாழ்த்தி, தனி வேண்டுகோளாக எழுதினேன். அது இன்னும் திறந்தே இருக்கிறது.